சுவருக்குள் ஓடும் சேதி

பெங்களூரின் பிரேசர் டவுன் பிறந்ததே உடல்நலக் கவலையில்தான். 1898-ல் பிளேக் கன்டோன்மென்ட்டை உலுக்கியது. அங்கிருந்த நெரிசலைக் குறைக்க, காற்றோட்டமான தெருக்களோடு ஒரு புதிய குடியிருப்பைத் திட்டமிட்டார்கள். 1910-ல் அது உருவானபோது, மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு இளமையில் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மிட்ஃபோர்ட் ஃபிரேசரின் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்று அரசுப் பதிவில் அது புலிகேசி நகர். மாஸ்க் ரோட்டிலும் கோல்ஸ் பார்க்கிலும் காதில் விழும் தமிழில் இன்னமும் பிரேசர் டவுன்தான்.

தொற்றுநோய்க்கு ஊரையே மாற்றிக் கட்ட முடிந்தது. யாருக்கும் பரவாத, உயிரையும் எடுக்காத ஒரு நோய் அதே தெருக்களில் வீட்டுக்கு வீடு ஒளிந்துகொண்டிருக்கிறது. ஊரில் கல்யாணம் என்று பேச்சு எழுந்தால் அது லேசாகத் தலை காட்டும். "சித்தி, பஸ்ல போயிட்டு வந்துரலாமா, ராத்திரி ஏறுனா விடியக்காலை ஊரு." "பஸ்னா நான் வரலைம்மா. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கத்துலதானே இருக்கு, ட்ரெயின்ல புக் பண்ணு." ஏன் என்று யாரும் கேட்பதில்லை, சித்தியும் சொல்வதில்லை. ரயிலில் கழிப்பறை உண்டு. காரணம் அவ்வளவுதான்.

அந்தச் சித்தியைப் போன்றவர்கள் வெளியே கிளம்புமுன் இரண்டு முறை பாத்ரூம் போவார்கள். காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். எந்தத் துணிக்கடையில் டாய்லெட் உண்டு, எது எப்போதும் பூட்டியே கிடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மருத்துவத்தில் இதற்கு ஓவர்ஆக்டிவ் பிளாடர் என்று பெயர். மிகைச்செயல் சிறுநீர்ப்பை என்று தமிழில் சொல்லலாம். பன்னாட்டுச் சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சங்கம் 2002-ல் தந்த வரையறை தெளிவானது. திடீரென்று, தள்ளிப்போட முடியாதபடி வரும் அவசர உணர்வுதான் நோயின் மையம். அதோடு பெரும்பாலும் அடிக்கடி போக வேண்டியிருக்கும், இரவில் எழ வேண்டியிருக்கும். சிலருக்குக் கழிப்பறைக் கதவைத் தொடுவதற்குள் துணி நனையும், சிலருக்கு நனையாது. கிருமித்தொற்றோ வெளிப்படையான வேறு கோளாறோ இருக்கக் கூடாது. சர்க்கரை நோயில் சிறுநீர் அதிகமாக உற்பத்தியாவதால் அடிக்கடி போகிறோமே, அது வேறு. இங்கே சிறுநீரின் அளவு சாதாரணம்தான், அவசரம்தான் அசாதாரணம்.

அபூர்வமான நோயும் அல்ல. கனடாவிலும் நான்கு ஐரோப்பிய நாடுகளிலும் நடத்தி 2006-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வயதுவந்தோரில் 11.8 சதவீதம் பேருக்கு இது இருந்தது. பெண்களில் 12.8, ஆண்களில் 10.8. ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு என்பதை நம் வீடுகளில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்றும் "கொஞ்சம் அடக்கப் பழகணும்" என்றும் இரண்டே தீர்ப்புகள்தான் நம்மிடம் இருக்கின்றன. இரண்டும் அநியாயமானவை என்று நினைக்கிறேன். கோளாறு அந்த மனிதரின் மன உறுதியில் இல்லை. அவருடைய சிறுநீர்ப்பைச் சுவரில் இருக்கும் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையில் இருக்கிறது.

ஒரு நாளில் நாம் சிறுநீர் கழிக்கும் நேரத்தையெல்லாம் கூட்டினால் சில நிமிடங்கள்தான் தேறும். மீதி நேரம் முழுவதும் சிறுநீர்ப்பையின் வேலை சும்மா இருப்பது. அந்தச் சும்மா இருத்தல் லேசான காரியமல்ல. 400, 500 மில்லிலிட்டர் வரை நிரம்பும்போதும் உள்ளே அழுத்தம் ஏறாமல் சுவர் நெகிழ்ந்துகொடுக்க வேண்டும். அந்தச் சுவரின் தசைக்கு டெட்ரூசர் என்று பெயர். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை வகையைச் சேர்ந்தது. அதன் செல் ஒவ்வொன்றும் இருமுனையும் கூரிய கதிர் வடிவம் கொண்டது. நீளம் சுமார் 200 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அகலம் அதில் முப்பதில் ஒன்றுகூட வராது.

இந்தச் செல்கள் நரம்பின் ஆணைக்காகக் காத்திருப்பதே இல்லை. தனியே பிரித்து ஒரு கிண்ணத்தில் வைத்தாலும் அவ்வப்போது தாமாகவே மின்துடிப்பு எழுப்பும். கால்சியம் அயனிகள் உள்ளே பாயும், செல் ஒரு கணம் சுருங்கும், பொட்டாசியம் வெளியேறி அதை அடக்கும். நிரம்பிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான பையிலும் இந்தத் துடிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தபடியே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட நமக்குத் தெரிவதில்லை. ஏனென்றால், எழுந்த இடத்திலேயே அவை அடங்கிவிடுகின்றன.

அடங்காமல் போனால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள, பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய லைன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரே சுவர். இந்த வீட்டுப் பேச்சு அந்த வீட்டுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சுவரில் எத்தனை துவாரம் இருக்கிறது என்பதுதான். செல்களுக்கு நடுவிலுள்ள துவாரத்துக்கு இடைவெளி இணைப்பு என்று பெயர். கனெக்சின் என்ற புரதத்தின் ஆறு மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி ஒரு குழாயாகின்றன. எதிர்ச் செல்லிலும் அப்படியே ஒரு குழாய் உருவாகிறது. இரண்டும் முட்டிப் பொருந்தும்போது ஒரு செல்லின் உள்ளிருந்து அடுத்த செல்லின் உள்ளுக்கு நேர் வழி திறக்கிறது. அயனிகளும் சுமார் 1000 டால்டன் எடை வரையுள்ள சிறு மூலக்கூறுகளும் அதில் கடந்துபோகும். மின்னோட்டமும் போகும்.

இதயத்தில் இத்தகைய குழாய்கள் ஏராளம். கோடிக்கணக்கான செல்கள் ஒரே செல்லைப் போல ஒரு சேரச் சுருங்குவது அதனால்தான். அங்கே இணைப்பு நெருக்கமாக இருப்பது உயிர் காக்கிறது. சிறுநீர்ப்பையில் கணக்கு தலைகீழ். செல்கள் ஒன்றுக்கொன்று அரைகுறையாகக் காது கொடுப்பதுதான் அங்கே ஆரோக்கியம். ஒரு செல்லின் துடிப்பு பக்கத்திலுள்ள சில செல்களைத் தாண்டிப் போகக் கூடாது. கழிக்கும் நேரம் வரும்போது மூளையும் தண்டுவடமும் நரம்புகள் வழியே ஏறக்குறைய எல்லாச் செல்களையும் நேரடியாகவே தட்டி எழுப்பிவிடுகின்றன. ஆகவே செல்கள் தங்களுக்குள் சேதி கடத்த வேண்டிய தேவை பெரிதாக இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ஆலிசன் பிரேடிங் இந்த இடத்தைத்தான் பிடித்தார். மிகைச்செயல் நோயாளிகளின் சிறுநீர்ப்பைத் திசுவை ஆராய்ந்தபோது, நரம்பு இழைகள் ஆங்காங்கே திட்டுத்திட்டாக அழிந்திருந்தன. நரம்பை இழந்த செல்கள் எளிதில் தூண்டப்படுபவையாகவும், அண்டைச் செல்களோடு நெருக்கமாக இணைந்தவையாகவும் மாறியிருந்தன. ஆரோக்கியமான தசைத்துண்டு தானாகச் சுருங்கும்போது சின்னச் சின்னத் துடிப்புகளாகவே சுருங்கும். நோயுற்ற துண்டில் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து நீண்ட ஒரே இறுக்கமாகின. 1997-ல் அவர் முன்வைத்த கருத்து இது: நோயின் வேர் மூளையின் ஆணையில் இல்லாமல் தசைக்குள்ளேயே இருக்கலாம். வயதான ஆண்களில் புராஸ்டேட் வீங்கி வழியை அடைக்கும்போது நடப்பதை இது நன்றாக விளக்குகிறது. அடைப்பை எதிர்த்துத் தள்ளித்தள்ளிச் சுவர் தடிக்கிறது. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது, நரம்பு இழைகள் மடிகின்றன, மிஞ்சிய செல்கள் தங்களுக்குள் பேசத் தொடங்குகின்றன.

இந்தக் கருத்தைக் கணக்காக்கிப் பார்க்க முயன்ற முக்கியமான ஆய்வகங்களில் ஒன்று மும்பை ஐஐடியில் இருந்தது. நாவலாசிரியராகவும் அறியப்பட்ட ரோஹித் மன்சந்தா அங்கே உயிர்மின்னியல் பேராசிரியராக இருந்தார். அவருடைய மாணவர் சைலேஷ் அப்புக்குட்டனும், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கீத் பிரெய்னும் சேர்ந்து, இடைவெளி இணைப்புகளால் கோக்கப்பட்ட டெட்ரூசர் செல்களின் முப்பரிமாண வலையைக் கணினிக்குள் கட்டினார்கள். 2015-ல் அந்த மாதிரி வெளியானது. நரம்பியலாளர்கள் பயன்படுத்தும் நியூரான் என்ற மென்பொருள்தான் அதற்கு அடித்தளம். இணைப்பின் வலுவைக் கூட்டிக் குறைத்து என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். உயிருள்ள திசுவில் வேறெதையும் கலைக்காமல் அதைச் செய்வது மிகக் கடினம்.

இந்தச் சிக்கலின் அழகு முழுவதும் ஒரு முரணில் இருக்கிறது. இணைப்பு ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது. நரம்பு ஒரே ஒரு செல்லைத் தட்டுகிறது என்று வையுங்கள். அந்தச் செல் துடிப்பெழுப்ப, அதன் மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும். அண்டைச் செல்களோடு துவாரங்கள் நிறைய இருந்தால், வந்த மின்னோட்டம் நாலாபக்கமும் கசிந்துவிடும், எல்லையை எட்டுவது கடினமாகும். அந்த வகையில் இணைப்பு என்பது ஒரு வடிகால். ஆனால் எப்படியோ எல்லையை எட்டிவிட்டால், அதே துவாரங்கள் வழியே துடிப்பு அடுத்த செல்லுக்குத் தாவும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் போகும். அப்போது அதுவே வாய்க்கால். ஆகவே "இணைப்பு கூடினால் நோய் கூடும்" என்ற நேர்க்கோட்டுச் சூத்திரம் போதாது. எத்தனை செல்கள் ஒரே கற்றையில் இருக்கின்றன, துடிப்பு கற்றையின் நடுவில் எழுந்ததா ஓரத்தில் எழுந்ததா, ஒரே சமயத்தில் எத்தனை செல்கள் தட்டப்பட்டன என்பதெல்லாம் விளைவை மாற்றும்.

இதே குழு, போர்ட்ஸ்மத்தின் ஜான் யங்கையும் சேர்த்துக்கொண்டு 2018-ல் இன்னொரு புதிரை எடுத்தது. டெட்ரூசர் செல்லில் நுண்ணிய மின்முனையைச் செருகி அளந்தால், மின்துடிப்புகள் பல வடிவங்களில் பதிவாகின்றன. சில செங்குத்தாக எழுகின்றன, சில ஒரு சின்ன மேட்டில் ஏறிவிட்டு எழுகின்றன. பல வகைச் செல்கள் இருப்பதால்தான் இப்படி என்று முடிவு கட்டுவது எளிது. செல் ஒரே வகையாக இருந்தாலும், துடிப்பு அந்தச் செல்லிலேயே பிறந்ததா அண்டையிலிருந்து வந்ததா, வலையில் அந்தச் செல் எங்கே இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தே வடிவம் மாறக்கூடும் என்று மாதிரி காட்டியது. அண்டை அயலை விட்டுவிட்டு ஒரு செல்லைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்றை நான் பார்க்கவில்லை.

உயிருள்ள திசு என்ன சொல்கிறது? சிறுநீர் வழியை ஓரளவு அடைத்த எலிகளின் சிறுநீர்ப்பையில் கனெக்சின் 43 என்ற வகை பெருகுகிறது. அவசர உணர்வு உள்ள நோயாளிகளின் திசுவிலும் அது கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் மனிதரில் அது எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தசைச் செல்களுக்கு நடுவே கனெக்சின் 45 முக்கியமாகத் தெரிகிறது. 43 அதிகம் குவிந்திருப்பது உள்சவ்வுக்குச் சற்றுக் கீழே பின்னிக்கிடக்கும் இடைச்செல்களில். அவை நட்சத்திர வடிவில் கைகளை நீட்டிக்கொண்டு, சவ்வுக்கும் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் நிற்கின்றன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்று நான் கருதுவது இதனால்தான்.

இரவில் இரண்டு மூன்று முறை எழுபவர்களுக்கு இன்னொரு செய்தி. ஜப்பானின் கியோட்டோ குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எலியின் சிறுநீர்ப்பையில் கனெக்சின் 43-இன் அளவு நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. செல்லுக்குள் ஓடும் உயிர்க்கடிகாரம் அதை ஏற்றி இறக்குகிறது. எலி உறங்கும் வேளையில் குறைகிறது, பையின் கொள்ளளவு கூடுகிறது. விழித்திருக்கும் வேளையில் நேர்மாறு. அந்தப் புரதம் பிறவியிலேயே குறைவாக உள்ள எலிகளின் பை ஒவ்வொரு முறையும் அதிகம் தாங்கியது. உறங்கும்போது நம்மால் நெடுநேரம் தாங்க முடிவதற்கு, சிறுநீரகம் இரவில் குறைவாகச் சுரப்பதோடு, பையின் செல்கள் இரவில் தங்களுக்குள் குறைவாகப் பேசுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இதன் பொருள்.

தசைக்கு வெளியேயும் ஒரு பேச்சு நடக்கிறது, அது ரசாயனப் பேச்சு. பையின் உள்சவ்வை வெறும் நீர்புகா உறை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1997-ல் முயலின் உள்சவ்வின் மேல் நீரழுத்தத்தை மாற்றிப் பார்த்தபோது அது ஏடிபி என்ற மூலக்கூறை வெளியே கசியவிட்டது. ஏடிபியோடு நம் பக்கத்துக்கு ஓர் உறவு உண்டு. 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டுக்குப் போன எல்லாப்பிரகட சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து 1929-ல் அதைத் தனியே பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமனும் தனியாகக் கண்டறிந்தார். செல்லின் ஆற்றல் நாணயம் என்று ஏடிபி பாடநூல்களில் ஏறியது. அது சேதி சொல்லும் பொருளும்கூட என்று ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் மெல்போர்னிலிருந்து 1972-ல் எழுதியபோது பலர் நம்ப மறுத்தார்கள். அவருக்குக் கிடைத்த தடயங்களில் ஒன்று சிறுநீர்ப்பைதான். நரம்புச் சேதிப்பொருளான அசிட்டைல்கோலினின் வேலையை அட்ரோபின் மருந்தால் தடுத்தாலும் விலங்குகளின் பை சுருங்குவதை 1895-லேயே லாங்லியும் ஆண்டர்சனும் கவனித்திருந்தார்கள். முக்கால் நூற்றாண்டு விடை தெரியாமல் கிடந்த அந்தக் கேள்விக்கு ஏடிபி விடையானது.

உள்சவ்வு விரியும்போது கசியும் ஏடிபி, அடியிலுள்ள நரம்பு முனைகளின் பி2எக்ஸ்3 என்ற ஏற்பியில் போய் அமர்கிறது. பை நிரம்புகிறது என்ற தகவல் அங்கிருந்து தண்டுவடத்துக்குக் கிளம்புகிறது. அந்த ஏற்பி இல்லாத எலிகள் சிறுநீர் கழிக்கும் உந்துதல் குறைந்தவையாக இருந்ததை 2000-ல் கண்டார்கள். விரிதலையே முதலில் உணர்வது எது? 2021-ல் நோபெல் பரிசு பெற்ற ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வகம், 2020-ல் அதற்கு பீசோ2 என்ற புரதத்தைச் சுட்டியது. அந்தப் புரதத்துக்கான மரபணு பிறவியிலேயே செயல்படாதவர்களுக்குப் பை நிரம்புவது சரியாகத் தெரிவதில்லை. பலர் கடிகாரத்தைப் பார்த்து, நேரப்படி கழிப்பறைக்குப் போகிறார்கள். நம் சித்திக்கு இதன் நேரெதிர் நிலை. பை கால்வாசி நிரம்பியிருக்கும்போதே முழுதும் நிரம்பிய சேதி மேலே போகிறது. உள்சவ்வு கூடுதலாக ஏடிபி கசிந்தாலும் அந்த உணர்வு எழலாம், தசையின் ஒரு திட்டு இணைந்து இறுகி அருகிலுள்ள நரம்பை இழுத்தாலும் எழலாம். இரண்டும் ஒன்றையொன்று தூண்டுவதும் உண்டு.

இவ்வளவு தெரிந்த பிறகு, கனெக்சினை அடைக்கும் ஒரு மாத்திரை போதாதா என்று தோன்றும். போதாது. அதே கனெக்சின் 43 இதயத்தின் கீழறைகளில் மின்துடிப்பைக் கடத்துகிறது. பிரசவத்துக்குச் சற்றுமுன் கருப்பையில் பெருகி, அதன் தசை முழுவதையும் ஒரே மூச்சில் சுருங்கச் செய்வதும் அதுதான். பைக்கு மட்டும் போய்ச் சேரும் வழி கிடைக்காதவரை அந்தக் கதவைத் தொட முடியாது.

இப்போதுள்ள சிகிச்சைகளும் இந்த உரையாடலின் வெவ்வேறு இடங்களில்தான் கைவைக்கின்றன. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் முதலியவை அசிட்டைல்கோலினைத் தடுக்கும். வாய் உலர்வு, மலச்சிக்கல் வரும். முதியவர்களில் நினைவாற்றலைப் பாதிக்கலாம் என்ற கவலையும் உண்டு, அதனால் மற்ற மாத்திரைகளின் பட்டியலோடு மருத்துவரிடம் போக வேண்டும். மிராபெக்ரான் வேறொரு ஏற்பி வழியே தசையைத் தளர்த்தும். மாத்திரைக்கு முன்னால் பயிற்சிதான் முதல் படி. அவசரம் எழும்போது ஓடாமல் நின்று, இடுப்படித் தசையைச் சில முறை இறுக்கி விடுவது வெறும் மனத்தேற்றல் அல்ல. அந்தத் தசையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் சேதி, பையைச் சுருக்கும் அனிச்சையை அடக்குகிறது. தண்ணீரை அறவே நிறுத்துவது தவறு, அடர்ந்த சிறுநீர் உள்சவ்வை உறுத்தும். காபியைக் குறைப்பது பலருக்கு உதவும். ரத்தம், எரிச்சல், காய்ச்சல், நீர் முழுதும் இறங்காமை இவற்றில் எது இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு, அமெரிக்காவில் 2013-ல் ஒப்புதல் பெற்ற போட்டுலினம் நச்சு ஊசி உண்டு. 100 யூனிட்டை 20 இடங்களில் பிரித்து டெட்ரூசருக்குள் செலுத்துவார்கள். நரம்பு முனையில் சேதிப் பொதிகளை வெளியே தள்ளும் ஒரு புரதத்தை அது வெட்டிவிடும். பலன் சில மாதங்கள் நிற்கும். சிலருக்குப் பை முழுதும் காலியாகாமல் குழாய் தேவைப்படலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். தசையை முடக்கும் மருந்து என்றுதான் தொடக்கத்தில் இதைப் பார்த்தார்கள். லண்டனில் ஒரு குழு, ஊசி போட்டுக்கொண்டவர்களின் திசுவை எடுத்துப் பார்த்து 2005-ல் எழுதியது வேறு மாதிரி இருந்தது. உள்சவ்வுக்கு அடியிலுள்ள நரம்பு இழைகளில் பி2எக்ஸ்3 ஏற்பி குறைந்திருந்தது. நோயாளிகளின் அவசர உணர்வு குறைந்த அளவு அந்தக் குறைவோடுதான் ஒத்துப்போனது, பையின் கொள்ளளவோடோ தசையின் அழுத்தத்தோடோ அல்ல.